கேட்டதெல்லாம் மெய்யா?
கலை, உடை, ஊடகம் பற்றிய செவிவழிக் கதைகள் சில

மாணவனாக இருந்த காலத்தில் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான விவாதப் போட்டி ஒன்றில் கலந்துகொண்டேன். 'விளம்பரங்கள் நம் சிந்தனையை ஆள்கின்றன' என்பது தலைப்பு. ஒட்டிப் பேசும் அணியில் நான் இரண்டாவது பேச்சாளர். எதிரணியினர் எங்களை நன்றாகவே மடக்கிக்கொண்டிருந்தனர். என் முறை வந்ததும், கைவசம் வைத்திருந்த ஒரு கதையை எடுத்து விட்டேன்.

"அமெரிக்கத் திரையரங்கு ஒன்றில் படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, கண்ணுக்குப் புலப்படாத வேகத்தில் 'சோளப்பொரி சாப்பிடுங்கள்' என்ற சொற்களைத் திரையில் மின்னவிட்டார்கள். பார்த்ததாக ஒருவருக்கும் நினைவில்லை. ஆனால், சோளப்பொரி விற்பனை 57 விழுக்காடு கூடியது!"

மண்டபம் கைதட்டலால் அதிர்ந்தது. கோப்பையும் எங்களுக்கே கிடைத்தது.

போட்டி முடிந்து உணவு மேசையில் மீகோரனோடு நின்றுகொண்டிருந்தேன். முதலாம் ஆண்டு மாணவி ஒருவர் குறிப்பேட்டுடன் வந்தார். "அண்ணா, அந்தச் சோளப்பொரி ஆய்வைச் செய்தது யார்? எந்த ஆண்டு? என்னுடைய இடுபணிக்கு வேண்டும்" என்றார். எனக்குத் தெரியவில்லை. எங்கோ படித்திருந்தேன், எங்கே என்பது நினைவில்லை. "தேடித் தருகிறேன் தங்கச்சி" என்று சொல்லிச் சமாளித்தேன்.

அந்த வாரமே தேடத் தொடங்கினேன். ஒன்றைத் தேடப் போய் ஐந்தாறு கதைகள் கையில் சிக்கின. அவற்றில் சில பொய், சில மெய், சில பாதி மெய். நான் கண்டறிந்ததை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

சோளப்பொரி வித்தை

கதையின் ஊற்றுக்கண் எளிதில் கிடைத்துவிட்டது. 1957ஆம் ஆண்டு செப்டம்பரில் ஜேம்ஸ் விக்காரி என்ற சந்தை ஆய்வாளர் நியூயார்க்கில் செய்தியாளர்களைக் கூட்டினார். நியூ ஜெர்சி மாநிலத்தின் ஃபோர்ட் லீ நகரில் ஒரு திரையரங்கில் ஆறு வாரம் சோதனை நடத்தியதாக அறிவித்தார். 45,000க்கும் மேற்பட்டோர் அறியாமலேயே அந்த மின்னல் விளம்பரத்தைப் பார்த்தார்களாம். சோளப்பொரி விற்பனை 57 விழுக்காட்டுக்கு மேலும், கோக்கோ கோலா விற்பனை 18 விழுக்காடும் உயர்ந்ததாம்.

உலகம் அதிர்ந்துபோனது. மனத்துக்குள் திருட்டுத்தனமாகப் புகும் விளம்பரம் என்று பத்திரிகைகள் கண்டித்தன. சில நாடுகள் இத்தகைய விளம்பரங்களுக்குத் தடையே விதித்தன.

ஆனால், விக்காரி தம் சோதனையின் முழு விவரத்தை ஒருபோதும் வெளியிடவில்லை. 1962இல் 'அட்வர்டைசிங் ஏஜ்' என்ற விளம்பரத் துறை இதழுக்கு அளித்த பேட்டியில் உண்மையை ஒப்புக்கொண்டார். அவரிடம் இருந்த தரவு மிகச் சிறியது. எந்த முடிவுக்கும் போதாதது. செய்தியாளர்களை அவர் கூட்டியதே, இந்த உத்தியை விற்கும் தம் புதிய நிறுவனத்தை அறிமுகப்படுத்தத்தான்.

இதைவிடச் சுவையான ஒரு சோதனை கனடாவில் நடந்தது. 1958இல் சி.பி.சி. தொலைக்காட்சி, அரை மணி நேர நிகழ்ச்சி ஒன்றில் ஒரு மறைமுகச் செய்தியை 352 முறை மின்னவிட்டது. 'இப்போதே தொலைபேசியில் அழையுங்கள்' என்பதே அந்தச் செய்தி. தொலைபேசி அழைப்புகள் கூடவில்லை. நிலையம் பிறகு நேயர்களிடம், திரையில் என்ன செய்தி வந்திருக்கும் என்று கேட்டது. பலர் தங்களுக்குப் பசி எடுத்ததாகவும் தாகம் எடுத்ததாகவும் எழுதினார்கள்! விக்காரியின் கதையை முன்பே கேட்டிருந்தவர்கள் அவர்கள். திரையில் மின்னிய சொல் அவர்களை அசைக்கவில்லை. காதில் விழுந்திருந்த கதைதான் அசைத்தது.

மறைமுகச் செய்திக்குச் சக்தியே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2006இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் ஆய்வுக்கூடத்தில் இதைக் கவனமாகச் சோதித்தார்கள். ஏற்கெனவே தாகத்தோடு இருந்தவர்கள், மறைமுகமாகக் காட்டப்பட்ட பானத்தின் பெயரைத் தேர்ந்தெடுக்கும் போக்கு ஓரளவு கூடியது. தாகம் இல்லாதவர்களிடம் அந்த விளைவு இல்லை. நான் மேடையில் முழங்கிய 57 விழுக்காட்டுக்கும் இதற்கும் வெகு தூரம்.

ஓடாத கூட்டம்

சோளப்பொரியைத் தேடியபோது திரைப்பட வரலாற்றின் தலையாய கதை ஒன்று எதிர்ப்பட்டது. ஊடகவியல் படிக்கும் மாணவர்கள் இதைக் கட்டாயம் கேட்டிருப்பார்கள். லூமியேர் சகோதரர்கள் பாரிசில் தங்கள் முதல் படத்தைக் காட்டினார்கள். திரையில் இரயில் நேராக வந்தது. அது தங்கள் மேல் ஏறிவிடும் என்று அஞ்சிய மக்கள் அலறியடித்துக்கொண்டு ஓடினார்கள் என்பது கதை.

கட்டணம் செலுத்திய பொதுமக்களுக்கு லூமியேர் சகோதரர்கள் முதன்முதலில் படம் காட்டியது 1895 டிசம்பர் 28 அன்று, பாரிசின் கிராண்ட் கஃபே அரங்கில். வந்தவர்கள் 33 பேர். காட்டப்பட்டவை பத்துக் குறும்படங்கள். அந்தப் பட்டியலில் இரயில் படமே இல்லை! அது அடுத்த ஆண்டில்தான் திரைக்கு வந்தது.

சரி, திரைக்கு வந்த பிறகாவது மக்கள் ஓடினார்களா? ஜெர்மானியத் திரைப்பட ஆய்வாளர் மார்ட்டின் லோய்பர்டிங்கர் இதைத் துருவி ஆராய்ந்தார். மக்கள் பீதியடைந்து ஓடியதற்கு அக்காலச் சான்று எதுவும் இல்லை என்பது அவர் முடிவு. அது ஏறத்தாழ ஐம்பது வினாடிப் படம். ஒலி இல்லை, வண்ணம் இல்லை. இரயில் வருவதும் திரையின் நேர் நடுவே அன்று. ஓரமாக வந்து நிற்கிறது. பார்த்தவர்கள் வியந்திருப்பார்கள். சிலர் இருக்கையில் சற்றே பின்வாங்கியும் இருக்கலாம்.

அப்படியென்றால் ஓடிய கூட்டம் எங்கிருந்து வந்தது? 1901இல் இங்கிலாந்தில் ராபர்ட் பால் என்பவர் ஒரு நகைச்சுவைப் படம் எடுத்தார். படம் பார்க்க வந்த நாட்டுப்புறத்தான் ஒருவன், திரையில் இரயில் வருவதைக் கண்டு அலறி ஓடுகிறான். மறு ஆண்டே அமெரிக்காவில் எடிசன் நிறுவனம் அதே கருத்தில் இன்னொரு படம் எடுத்தது. நகரத்து இரசிகர்கள் அந்தப் பட்டிக்காட்டானைப் பார்த்துச் சிரித்தார்கள். நாளடைவில் அந்த நகைச்சுவையே வரலாறாகப் பாடநூல்களில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

செவ்வாய்க் கிரகப் படையெடுப்பு

மூன்றாவது கதை வானொலியைப் பற்றியது. 1938 அக்டோபர் 30, ஞாயிறு இரவு. 23 வயது ஆர்சன் வெல்ஸ், எச்.ஜி.வெல்ஸ் 1898இல் வெளியிட்ட 'உலகங்களின் போர்' நாவலை வானொலி நாடகமாக்கி, அமெரிக்காவின் சி.பி.எஸ். வானொலியில் ஒலிபரப்பினார். செவ்வாய்க் கிரகவாசிகள் நியூ ஜெர்சியில் இறங்கிவிட்டதாகச் செய்தி அறிக்கை பாணியில் நாடகம் அமைந்திருந்தது. நாடே நடுங்கியது, இலட்சக்கணக்கானோர் வீதிக்கு ஓடிவந்தனர் என்று இன்றும் சொல்கிறோம்.

அதே நேரத்தில் என்.பி.சி. வானொலியில் எட்கர் பெர்கனின் புகழ்பெற்ற பொம்மைப் பேச்சு நிகழ்ச்சி ஒலித்துக்கொண்டிருந்தது. பெரும்பாலோர் அதைத்தான் கேட்டார்கள். அன்றிரவு ஒரு நிறுவனம் நேயர் கணக்கெடுப்புக்காக 5,000 வீடுகளைத் தொலைபேசியில் அழைத்தது. வெல்ஸின் நாடகத்தைக் கேட்பதாகச் சொன்னவர்கள் வெறும் 2 விழுக்காட்டினர். நாடு முழுவதும் கேட்காத ஒன்றுக்கு நாடு முழுவதும் எப்படி நடுங்கும்?

பயந்தவர்கள் இருந்தார்கள், மறுப்பதற்கில்லை. குறிப்பாக, நியூ ஜெர்சி பக்கம் பலர் காவல் நிலையத்துக்கும் பத்திரிகை அலுவலகத்துக்கும் அழைத்துக் கேட்டார்கள். ஆனால், மறுநாள் காலை நாளேடுகள் அந்தச் சிதறிய அழைப்புகளைத் திரட்டி நாடு தழுவிய பீதியாக்கி முதல் பக்கத்தில் போட்டன. அந்தப் பத்தாண்டுகளில் வானொலி, நாளேடுகளின் விளம்பர வருமானத்தைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. வானொலி பொறுப்பற்ற ஊடகம் என்று காட்ட நாளேடுகளுக்கு நல்ல வாய்ப்பு.

1940இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஹேட்லி கேன்ட்ரில் இதைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். கதைக்குக் கல்வித் துறையின் முத்திரையும் கிடைத்தது. அதற்காக விரிவாகப் பேட்டி காணப்பட்டவர்கள் 135 பேர்; அவர்களில் பெரும்பாலோர், பயந்தவர்கள் என்று தெரிந்தே தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். மருத்துவமனைக்குள் நின்று எண்ணினால் ஊரெல்லாம் நோயாளிகள்தாம்!

இதே நாடகத்தால் உண்மையில் உயிர்ச்சேதம் ஏற்பட்டது வேறோர் இடத்தில். 1949 பிப்ரவரியில் இக்குவடோர் நாட்டின் கீட்டோ நகர வானொலி இதைத் தழுவி ஒலிபரப்பியது. ஏமாற்றப்பட்டோம் என்று அறிந்த மக்கள் சினங்கொண்டு வானொலி நிலையம் இருந்த கட்டடத்துக்குத் தீ வைத்தார்கள்; சிலர் மாண்டனர். உண்மையில் நடந்த அந்தச் சோகம் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பனியன் விற்பனை சரிந்ததா?

உடை உலகத்திலிருந்தும் ஒரு கதை. 1934இல் வெளிவந்து ஐந்து ஆஸ்கார் விருதுகளை அள்ளிய படம் 'இட் ஹேப்பண்ட் ஒன் நைட்'. அதில் கதாநாயகன் கிளார்க் கேபிள் சட்டையைக் கழற்றுவார். உள்ளே பனியன் இருக்காது. அதைப் பார்த்த அமெரிக்க ஆண்கள் எல்லாரும் பனியனைத் துறந்தார்கள், பனியன் ஆலைகள் ஆட்டங்கண்டன என்பது கதை.

சட்டையைக் கழற்றும் காட்சி மெய். விற்பனை எவ்வளவு சரிந்தது என்பதில்தான் சிக்கல். ஒருவர் 40 விழுக்காடு என்கிறார். இன்னொருவர் 75 விழுக்காடு என்கிறார். அந்த எண்ணுக்கு ஆதாரமாக ஆலைக் கணக்கையோ விற்பனைப் புள்ளிவிவரத்தையோ எவரும் எடுத்துக் காட்டவில்லை. மேலும், அது பொருளாதாரப் பெருமந்தக் காலம். கையில் காசில்லாதவன் பனியன் வாங்காமல் இருப்பதற்குக் கிளார்க் கேபிள் தேவையில்லை.

கருப்பாக வாந்தி எடுத்தான் என்பது, வாய் மாறி வாய் போய், காக்கை காக்கையாக வாந்தி எடுத்தான் என்று ஆன கதையை நம் பாட்டிமார் சொல்வார்கள். சொல்லுபவருக்கு ஏற்ப எண்ணிக்கை மாறினால், அங்கே காக்கை பறக்கிறது என்று அறிக.

மெய்யான கதைகளும் உண்டு

இவ்வளவையும் படித்தபின் 'எல்லாமே பொய்' என்று சொல்லத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால், நம்பவே முடியாத சில கதைகள் மெய்யாகவும் இருந்தன.

1911 ஆகஸ்டு 21 அன்று பாரிசின் லூவர் அரும்பொருளகத்திலிருந்து மோனாலிசா ஓவியம் திருடுபோனது. காணவில்லை என்பதே மறுநாள்தான் தெரிந்தது. ஒரு வாரம் கழித்து அரும்பொருளகம் மீண்டும் திறந்தபோது மக்கள் திரண்டு வந்தார்கள், ஓவியம் இல்லாத வெற்றுச் சுவரைப் பார்க்க! கட்டுக்கதைபோல் இருக்கிறது, ஆனால் மெய். எழுத்தாளர் பிரான்ஸ் காஃப்காவும் அவர் நண்பர் மாக்ஸ் பிராடும் அந்த வெற்றிடத்தைப் பார்த்தவர்களில் அடங்குவர். திருடியவர் அங்கே முன்பு வேலை செய்த வின்சென்சோ பெருஜியா என்ற இத்தாலியத் தொழிலாளி. 1913 டிசம்பரில் ஃபுளோரன்ஸ் நகரில் ஓவியத்தை விற்க முயன்றபோது பிடிபட்டார்.

இதே திருட்டுக்கு இன்னொரு கதையும் உண்டு. வால்பியர்னோ என்ற பிரபு, ஆறு போலி மோனாலிசாக்களைச் செய்வித்து ஆறு செல்வந்தர்களிடம் விற்கவே இந்தத் திருட்டைத் திட்டமிட்டாராம். இதற்கு ஒரே மூலம், கார்ல் டெக்கர் என்ற செய்தியாளர் 1932இல் ஓர் அமெரிக்க இதழில் எழுதிய கட்டுரை. ஆறு போலிகளில் ஒன்றுகூட இன்றுவரை வெளிப்பட்டதில்லை. ஒரே நிகழ்ச்சியில் நம்ப முடியாதது மெய்யாகவும், நம்பத்தக்கதாய்த் தோன்றுவது ஆதாரமற்றதாகவும் இருப்பதைக் காண்கிறோம்.

நைக்கி காலணியின் சின்னத்தை ஒரு மாணவி வெறும் 35 டாலருக்கு வரைந்து கொடுத்தார் என்பதும் மெய்தான். 1971இல் போர்ட்லண்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் வரைகலை பயின்ற கேரலின் டேவிட்சன் அதை வரைந்தார். ஆனால், 'பாவம், ஏமாற்றிவிட்டார்கள்' என்று நாம் கதையை அங்கேயே முடித்துவிடுகிறோம். 1983இல் நிறுவனம் அவரை அழைத்து, வைரம் பதித்த மோதிரமும் நிறுவனப் பங்குகளும் வழங்கியது. பாதியில் நிறுத்திய உண்மையும் ஒருவகையில் பொய்தான்.

நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் கதை ஒன்றையும் சோதித்தேன். தியாகராஜ பாகவதரின் 'ஹரிதாஸ்' மூன்று தீபாவளி ஓடியதாம். தாத்தா காலத்துப் பெருமை, சற்று மிகையாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். 1944 தீபாவளிக்கு வெளியான அப்படம், சென்னை பிராட்வே திரையரங்கில் 1945, 1946 தீபாவளிகளையும் கண்டது. வெளியான நாளையும் சேர்த்து எண்ணினால் மூன்று தீபாவளிக்கு மூன்று ஆண்டு வேண்டியதில்லை. இரண்டு ஆண்டும் சில நாள்களும் போதும். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. பின்னிரண்டு தீபாவளிகளின்போதும் பாகவதர் இலட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிறையில் இருந்தார்; 1947இல்தான் விடுதலையானார். கதாநாயகன் சிறையிலும் படம் திரையிலும் இருந்த காலம் அது. பெரியவர்கள் மிகைப்படுத்தவில்லை, குறைத்தே சொல்லியிருக்கிறார்கள்.

கதையில் ஏமாந்தவர் யார்?

இக்கதைகளை வரிசைப்படுத்திப் பார்த்தபோது எனக்கு ஒன்று புலப்பட்டது. பொய்யாகவோ ஆதாரமற்றதாகவோ போனவற்றில் பெரும்பாலானவை பொதுமக்களைப் பற்றியவை. இரயிலைக் கண்டு ஓடியவர்கள், செவ்வாய்க் கிரகவாசிக்கு அஞ்சியவர்கள், மின்னல் சொல்லுக்கு மயங்கியவர்கள், நடிகரைப் பார்த்துப் பனியனைக் கழற்றியவர்கள் என்று எல்லாக் கதையிலும் கூட்டம் அறிவற்றது; கதை சொல்லும் நாம் மட்டும் அறிவாளிகள். 'அவர்கள் எவ்வளவு எளிதில் ஏமாந்தார்கள் பாருங்கள்' என்று சொல்லும்போது நமக்குள் ஒரு சுகம் பிறக்கிறது. அந்தச் சுகத்துக்காகவே ஆதாரம் கேட்காமல் நம்புகிறோம். ஆக, உண்மையில் ஏமாந்தது 1896இன் பாரிஸ் மக்கள் அல்லர். அந்தக் கதையை நம்பிய நாம்தான்.

ஒரு கதை நம் காதுக்கு எட்டும்போது நான்கு கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். முதலில் சொன்னவர் யார், நிகழ்ந்து எத்தனை ஆண்டு கழித்துச் சொன்னார்? எண்ணும் ஊரும் பெயரும் சொல்பவருக்குச் சொல்பவர் மாறுகின்றனவா? இக்கதை பரவினால் யாருக்கு இலாபம்? இதை நம்புவதால் என் மனத்துக்கு என்ன சுகம்? முதல் மூன்றுக்கும் நூலகத்தில் விடை தேடலாம். நான்காவதற்கு நம்மிடமே தேட வேண்டும். அதுதான் கடினம்.

அறிவுடைமை அதிகாரத்தைப் பள்ளியில் மனனம் செய்து ஒப்பித்தவர்கள் நாம். தேர்வுக்கு எழுதியதோடு அதை விட்டுவிட்டோம். விவாத மேடையிலும் இடுபணியிலும், இன்று கைத்தொலைபேசியில் வரும் செய்தியை அடுத்தவருக்கு அனுப்பும் அந்த ஒரு நொடியிலும் அதற்கு வேலை இருக்கிறது.

அந்த மாணவியைப் பத்து நாள் கழித்துச் சந்தித்தேன். விக்காரியின் கதை பொய், விவரமெல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன் என்றேன். அவர் தயங்கினார். "நேற்றே அனுப்பிவிட்டேன் அண்ணா. நீங்கள் சொன்னதைத்தான் எழுதினேன். மேடையில் சொன்னீர்களே, சரியாக இருக்கும் என்று நினைத்தேன்."

இடுபணி திரும்பி வந்தபோது என்னிடம் காட்டினார். 57 விழுக்காடு என்ற வரியின் ஓரத்தில் விரிவுரையாளர் சிவப்பு மையில் 'ஆதாரம்?' என்று எழுதியிருந்தார். மதிப்பெண் குறைந்தது அவருக்கு; குறைத்தது நான். காக்கை கதையில் ஒரு காக்கையை நானும் சேர்த்துப் பறக்கவிட்டிருந்தேன்.

அன்று வென்ற கோப்பை இன்னும் என் வீட்டில் இருக்கிறது. அதைத் துடைக்கும்போதெல்லாம் கைதட்டல் நினைவுக்கு வருவதில்லை. அந்தச் சிவப்பு மைக் கேள்விதான் நினைவுக்கு வருகிறது. அடுத்த ஆண்டு விவாத மேடை ஏறவிருக்கும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: எதிரணியின் கூற்றை எவ்வளவு கடுமையாகச் சோதிப்பீர்களோ, அவ்வளவு கடுமையாக உங்களுக்குச் சாதகமான கதையையும் சோதியுங்கள். கேட்பவர்கள் உங்களை நம்பி எழுதிக்கொள்கிறார்கள்.